மூன்று குடங்கள்: லாட்டரி என்பது உண்மையில் என்ன?

கம்பத்தில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் ஒரு நாள் பெரிய வாக்குவாதம். அங்கிருந்து பஸ்ஸில் மலையேறினால் குமுளி வந்துவிடும். எல்லையைத் தாண்டியதுமே கேரள அரசின் லாட்டரி டிக்கெட்டுகளை மேசையில் விசிறிபோல் பரப்பி வைத்திருப்பார்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வரும் ஒருவரின் சட்டைப் பையில் அப்படி ஒரு டிக்கெட் இருந்தது. "இது சூதாட்டம், குடும்பத்தைக் கெடுக்கும்" என்றார் ஒருவர். "அரசாங்கமே நடத்துகிறது, பிறகு எப்படிச் சூதாட்டம்?" என்றார் டிக்கெட்காரர். "நீங்கள் மாதாமாதம் சீட்டுக் கட்டுகிறீர்களே, அதுவும் குலுக்கல்தானே அண்ணே?" என்றார் மூன்றாமவர். "என் பேரனுக்குத் தனியார் பள்ளியில் இலவச இடம் கிடைத்ததும் குலுக்கலில்தான்" என்று கடைக்காரரும் தன் பங்குக்கு ஒன்றைப் போட்டார்.

நால்வரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு வெவ்வேறு காரியங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். லாட்டரியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. அதிர்ஷ்டம், ராசி எண், பேராசை, சாபம் என்று எல்லாம் வரும்; அந்தப் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்ற கேள்வி மட்டும் வராது. என் பார்வையில் லாட்டரி முதலில் ஒரு வசூல் முறை. குலுக்கல் அந்த வசூலுக்குக் கட்டிய மணி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அதன் வரலாறும் கணக்கும் தடையில்லாமல் புரியும்.

மூன்று குடங்கள்

முதல் குடம் உத்திரமேரூரில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்கே வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊரில் 30 குடும்புகள், அதாவது ஊரின் பிரிவுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வந்த பெயருக்கு உரியவர் ஊர் வாரியத்தில் உறுப்பினர் ஆனார். சொந்த நிலம், சொந்த மனை, வயது, வேதப் படிப்பு என்று தகுதிகள் கடுமையானவை. பொதுத்தேர்தல் என்று இன்று மேடைகளில் பெருமை பேசும் அளவுக்கு அந்தக் குடத்தின் வாய் அகலமாக இருக்கவில்லை. நமக்கு வேண்டியது வேறு: இந்தக் குடத்தில் பெயர் போட யாரும் காசு கொடுக்கவில்லை. பள்ளி இடத்துக்கான குலுக்கலும் இதே வகைதான்.

இரண்டாவது குடம் நம் வீடுகளில் இருப்பது: குலுக்கல் சீட்டு. 20 பேர் சேர்ந்து மாதம் 1,000 ரூபாய் கட்டுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் பெயரைக் குலுக்கி ஒருவருக்கு 20,000 ரூபாய். 20 மாதம் முடியும்போது ஒவ்வொருவரும் 20,000 கட்டியிருப்பார்கள், 20,000 வாங்கியிருப்பார்கள். குலுக்கல் இங்கே முடிவு செய்வது வரிசையை மட்டுமே. முதல் மாதம் கிடைத்தவர் மகள் கல்யாணத்தை முடிப்பார். கடைசி மாதக்காரர் பொறுமையாக இருப்பார். சீட்டு நடத்துபவர் ஓடிப்போகாதவரை யாருக்கும் நட்டமில்லை.

மூன்றாவது குடம்தான் லாட்டரி. எல்லோரும் காசு போடுகிறார்கள். சிலருக்குப் பணம் வரும், பலருக்கு வராது. யாருக்கு வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்பாகக் குடத்தை வைத்திருப்பவர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார்.

ஆக, ஒன்றை லாட்டரி என்று சொல்ல மூன்று அம்சங்கள் வேண்டும்: வாங்குபவர் கொடுக்கும் விலை, வெல்பவருக்குப் பரிசு, வெல்பவரைத் திறமையோ உழைப்போ அன்றித் தற்செயல் தீர்மானிப்பது. விலை இல்லையென்றால் அது குடவோலை. போட்டது எல்லோருக்கும் திரும்புமென்றால் அது சீட்டு.

கோயில் கூரைக்கு ஒரு லாட்டரி

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். கோயில் கூரை ஒழுகுகிறது. வரி போட்டால் சண்டை வரும். நன்கொடை கேட்டால் வழக்கமான நான்கு பேர்தான் கொடுப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் 10 ரூபாய் விலையில் 1,000 டிக்கெட் அச்சடித்து விற்கிறார்கள். கையில் 10,000 ரூபாய். கூரைக்கு 4,000, அச்சுக்கும் விற்றுக் கொடுத்தவர்களுக்கும் 1,000 போக மீதி 5,000 ரூபாய் பரிசுக்கு. இப்படிப் பரிசுக்கென்று ஒதுக்கும் மொத்தப் பணத்தைப் பரிசுத் தொகுப்பு என்போம்.

இந்த 5,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் லாட்டரி நடத்துபவரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. முதல் பரிசு ஒருவருக்கு 2,000. இரண்டாம் பரிசு 10 பேருக்கு ஆளுக்கு 100. ஆறுதல் பரிசு 200 பேருக்கு ஆளுக்கு 10 ரூபாய். கூட்டிப் பாருங்கள், 5,000 சரியாக வரும். இப்போது ஒலிபெருக்கியில், "ஐந்து டிக்கெட்டில் ஒன்றுக்குப் பரிசு நிச்சயம்!" என்று அறிவிக்கலாம். பொய்யே இல்லை, 1,000 டிக்கெட்டில் 211 டிக்கெட்டுக்குப் பரிசு உண்டு. ஆனால் அந்த 211 பேரில் 200 பேருக்குக் கிடைப்பது அவர்கள் கொடுத்த அதே 10 ரூபாய். அதையும் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது அபூர்வம்; அடுத்த டிக்கெட் வாங்கிவிடுவார்கள். சிறு பரிசு என்பது பெரும்பாலும் வாசல்வரை வந்து திரும்பும் பணம்.

ஒரு டிக்கெட்டின் உண்மையான மதிப்பு என்ன? பரிசுத் தொகுப்பை டிக்கெட் எண்ணிக்கையால் வகுத்தால் தெரிந்துவிடும்: 5,000ஐ 1,000ஆல் வகுத்தால் 5 ரூபாய். இதற்கு எதிர்பார்ப்பு மதிப்பு என்று பெயர். ஒரே மாதிரிக் குலுக்கலில் கணக்கில்லாத தடவை கலந்துகொண்டால், ஒரு டிக்கெட்டுக்குச் சராசரியாகத் திரும்பி வரும் தொகை அது. 10 ரூபாய் கொடுத்து 5 ரூபாய்ப் பொருளை வாங்குகிறோம்.

"நிறைய டிக்கெட் வாங்கினால் வாய்ப்பு கூடுமே?" என்பார்கள். கூடும்தான். 1,000 டிக்கெட்டையும் நீங்களே வாங்கினால் முதல் பரிசு உங்களுக்கே. 10,000 கொடுத்து 5,000 வாங்கிக்கொண்டு போகலாம்! பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் இதைத்தான் எழுதினார்: எவ்வளவு அதிக டிக்கெட் வாங்குகிறோமோ அவ்வளவு உறுதியாக நட்டத்தை நெருங்குகிறோம்.

நடத்துபவரே கணக்கில் கோட்டைவிட்டதும் உண்டு. 1729இல் பிரெஞ்சு அரசு, விலை சரிந்து கிடந்த பாரிஸ் நகரக் கடன் பத்திரங்களைக் காப்பாற்ற, பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு லாட்டரி அறிவித்தது. ஆசை காட்டுவதற்காகப் பரிசில் தன் பணத்தையும் கொட்டியது. அதனால் பரிசுத் தொகுப்பு டிக்கெட்டுகளின் மொத்த விலையைவிடப் பெரிதாகிவிட்டது. லா கோந்தமின் என்ற கணித அறிஞர் இதைக் கண்டுபிடித்தார்; அவரும் எழுத்தாளர் வால்டேரும் ஒரு குழுவைச் சேர்த்து மாதாமாதம் டிக்கெட்டுகளை அள்ளினார்கள். வால்டேர் ஆயுளுக்கும் பணக்கவலை இல்லாமல் எழுதியதற்கு அந்த வரவு ஒரு முக்கியக் காரணம். அவரை அதிர்ஷ்டசாலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் வகுத்தல் கணக்குப் போட்டார். இன்றைய அரசுகளும் போடுகின்றன, ஆகையால் அந்தக் கதவு மூடிவிட்டது.

இதுவரை சொன்னதன் சாரம்: விற்ற பணத்தில் முதலில் நடத்துபவரின் பங்கு, அடுத்து செலவு, மீதிதான் பரிசு. ஆகவே வாங்குபவர்கள் அனைவரையும் ஒரே ஆளாகச் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆள் ஒவ்வொரு குலுக்கலிலும் தோற்கிறார்.

ஒன்பதேகால் ஆண்டில் ஒரு விநாடி

முதல் பரிசு விழும் வாய்ப்பு எவ்வளவு என்பதை எண்ணால் சொல்வதை நிகழ்தகவு என்கிறோம். கோயில் லாட்டரியில் அது ஆயிரத்தில் ஒன்று. அதை நம்மால் கற்பனை செய்துகொள்ள முடிகிறது. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை. பெரிய லாட்டரிகளில்தான் கற்பனை கைவிடுகிறது.

கேரள டிக்கெட்டில் எண் அச்சிட்டே வரும், நாம் அதை வாங்குவோம். மேலை நாடுகளில் பரவலாக இருப்பது லோட்டோ என்ற வகை. வாங்குபவரே சில எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்து மாம்பழத்தில் இரண்டை எடுப்பதற்கு 10 வழிகள் உண்டு. 49 எண்களில் ஆறை எடுப்பதற்கு எத்தனை வழிகள் இருக்கும்? 1,39,83,816. பிரிட்டனில் 1994இல் தொடங்கிய தேசிய லாட்டரி இப்படித்தான் இருந்தது. 2015இல் 49ஐ 59 ஆக்கினார்கள். பத்து எண்தானே கூடியிருக்கிறது என்று தோன்றும். வழிகளின் எண்ணிக்கையோ 4,50,57,474 ஆகிவிட்டது.

அமெரிக்காவின் பவர்பால் லாட்டரியில் பெரும்பரிசின் வாய்ப்பு 29,22,01,338இல் ஒன்று. இந்த எண்ணை விநாடிகளாக மாற்றினால் சுமார் ஒன்பதேகால் ஆண்டு வருகிறது. நான் கடந்த ஒன்பதேகால் ஆண்டில் ஏதோ ஒரு விநாடியை மனத்தில் நினைத்துக்கொள்கிறேன். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி பிசகாமல் நீங்கள் அதைச் சொல்ல வேண்டும். ஒரு டிக்கெட் என்பது ஒரே ஒரு முறை சொல்லிப் பார்ப்பதற்கான அனுமதி.

பவர்பால் வாய்ப்பு எப்போதுமே இவ்வளவு மோசமாக இருந்ததில்லை. 2015 அக்டோபர் வரை அது ஏறத்தாழ 17.5 கோடியில் ஒன்று. வேண்டுமென்றே கடினமாக்கினார்கள். ஏன்? எண்கள் யாருக்கும் பொருந்தாவிட்டால் பெரும்பரிசுப் பணம் அடுத்த குலுக்கலோடு சேர்ந்துகொள்ளும். இப்படி ஏறிக்கொண்டே போகும் பரிசுதான் ஜாக்பாட். வெல்வது கடினமானால் பரிசு அடிக்கடி சேர்ந்து மலைபோல் வளரும். 2016 ஜனவரியில் அது 150 கோடி டாலரைத் தாண்டியது. 2022 நவம்பரில் 204 கோடி டாலரைத் தொட்டது. டிக்கெட் வாங்க வரிசைகள் நீண்டன. வாய்ப்பு குறைந்ததால் கூட்டம் பெருகியது! கத்திரிக்காய் விலை ஏறினால் முருங்கைக்காய்க்கு மாறும் அதே மனிதர்கள்தான் அந்த வரிசையிலும் நின்றார்கள். 17 கோடியில் ஒன்றும் 29 கோடியில் ஒன்றும் மனத்துக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் அது வைத்திருக்கும் பெயர் "விழுந்தாலும் விழலாம்". பரிசுத் தொகையின் வேறுபாடு மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

குடத்துக்கு நினைவாற்றல் இல்லை

ராசி எண் பார்த்து வாங்குபவரிடம் நான் வாதாடுவதில்லை. எந்த எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு என்பதால் அவருடைய எண்ணிலும் குறை இல்லை. ஆபத்து வேறு நம்பிக்கையில் இருக்கிறது: "ரொம்ப நாளாக வராத எண், இனி வந்தே தீரும்."

இத்தாலியில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே லோட்டோவில் ஒவ்வொரு நகரத்தின் பெயரிலும் தனித்தனியாக 90 எண்களிலிருந்து ஐந்தை எடுப்பார்கள். வெனிஸ் நகரக் குலுக்கலில் 2003 மே மாதத்துக்குப் பிறகு 53 என்ற எண் வரவே இல்லை. மாதங்கள் செல்லச் செல்ல நாடே அந்த எண்மேல் பணம் கட்டத் தொடங்கியது. சேமிப்பைக் கட்டினார்கள், கடன் வாங்கிக் கட்டினார்கள். 182 குலுக்கல்கள் இப்படிக் கழிந்தன. 2005 பிப்ரவரி 9 அன்று ஒருவழியாக 53 வந்தது. அதற்குள் அந்த ஓர் எண்ணின்மேல் போட்ட பணம் 350 கோடி யூரோவைத் தாண்டியிருந்தது. பல குடும்பங்கள் தரைமட்டமாகியிருந்தன. உருளைக்குள் சுழலும் பந்துக்குப் போன வாரம் தான் வெளியே வரவில்லை என்பது தெரியாது.

இதன் மறுபக்கம் பல்கேரியாவில் நடந்தது. 2009 செப்டம்பர் 6 அன்று வந்த அதே ஆறு எண்கள் செப்டம்பர் 10 அன்று மறுபடியும் வந்தன. விசாரணைக்கு உத்தரவிட்டார்கள், மோசடி எதுவும் அகப்படவில்லை. நேற்று வந்த எண்களுக்கு இன்றும் அதே வாய்ப்பு என்பதால் இப்படியும் நடக்கும்.

எண் தேர்வில் ஒரே ஒரு விஷயம் உண்மையிலேயே பணத்தைப் பாதிக்கும். லோட்டோவில் பலர் ஒரே எண்களை எழுதியிருந்தால் பரிசைப் பங்கிட வேண்டும். பிரிட்டனில் 1995 ஜனவரியில் ஒரு குலுக்கலில் 133 பேருக்கு ஆறு எண்களும் பொருந்தின. 1.6 கோடி பவுண்டு கனவில் இருந்தவர்களுக்கு ஆளுக்கு 1,22,510 பவுண்டுதான் கிடைத்தது. ஆகவே பிறந்த நாள், படிவத்தில் அழகாகத் தெரியும் வரிசை போன்றவற்றை எழுதினால் கூட்டம் சேரும். வாய்ப்பு மாறாது, பங்கு குறையும்.

துறைமுகம், கோட்டை, அருங்காட்சியகம்

சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுப்பது பழைய வழக்கம். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் விருந்துகளில் விருந்தினர்களுக்குச் சீட்டு விற்று, திறந்து பார்த்தால் ஒருவருக்கு விலையுயர்ந்த பொருளும் இன்னொருவருக்கு ஒன்றுக்கும் உதவாத பொருளும் வரும்படி வேடிக்கை செய்திருக்கிறார். அது பொழுதுபோக்கு. பொதுச் செலவுக்குப் பணம் திரட்டும் லாட்டரி, இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதிகளில் 1440களில் எழுந்தது. புரூஜ், சிலாய்ஸ் போன்ற வணிக நகரங்களுக்குக் கோட்டைச் சுவர் கட்ட வேண்டும். வரி உயர்த்தினால் வணிகர்கள் முகம் சுளிப்பார்கள். நம் கோயில் கூரைக் கதையேதான். லாட்டரி என்ற சொல்லும் சீட்டு, பங்கு என்று பொருள்படும் அந்தப் பக்கத்துச் சொல்லின் வழிவந்தது.

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசி 1567இல் துறைமுகங்களைச் செப்பனிட ஒரு லாட்டரியை அறிவித்தார். 10 ஷில்லிங் விலையில் 4 லட்சம் டிக்கெட். சாதாரணத் தொழிலாளிக்கு அது எட்டாத விலை. முதல் பரிசு 5,000 பவுண்டு. அதில் ஒரு பகுதி வெள்ளிப் பாத்திரங்களாகவும் துணிகளாகவும் இருந்தது. டிக்கெட் வாங்க வருபவர்களைச் சில பெருங்குற்றங்கள் தவிர மற்றவற்றுக்குக் கைது செய்வதில்லை என்ற சலுகை வேறு! 1569இல் லண்டன் புனித பால் பேராலய வாசலில் குலுக்கல் தொடங்கி மாதக்கணக்கில் நடந்தது. ஒரு குடத்திலிருந்து பெயர்ச்சீட்டும் இன்னொன்றிலிருந்து பரிசுச்சீட்டோ வெற்றுச்சீட்டோ ஒவ்வொன்றாக எடுத்தால் அவ்வளவு நாள் ஆகத்தானே செய்யும்.

லோட்டோவின் பிறப்பு இன்னும் சுவையானது. இன்றைய இத்தாலியில் இருந்த ஜெனோவா குடியரசில் ஆட்சிமன்றத்துக்கு ஆண்டுக்கு இருமுறை ஐந்து பேரைக் குலுக்கிப் பெயர் எடுத்துத் தேர்ந்தெடுத்தார்கள். கிட்டத்தட்ட நம் குடவோலை. யார் பெயர் வரும் என்று ஊரார் பந்தயம் கட்டத் தொடங்கினார்கள். பந்தயம் பெருகி, பெயர்களின் இடத்தில் எண்கள் வந்து, ஐந்து இருக்கைகள் ஐந்து எண்கள் ஆயின. மேலே சொன்ன 53இன் கதையில் 90 எண்ணிலிருந்து ஐந்தை எடுப்பது இதன் எச்சம்தான். முதல் குடம் மூன்றாவது குடமாக மாறியதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஜெனோவாவைப் பார்க்கலாம்.

அடுத்த முந்நூறு ஆண்டுகளில் லாட்டரிப் பணம் தொடாத இடம் குறைவு. அமெரிக்காவில் வர்ஜினியா குடியேற்றத்துக்கு 1612இல் லாட்டரி. ஹார்வர்ட், யேல் கல்லூரிக் கட்டடங்களுக்கு லாட்டரி. 1753இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தொடங்க லாட்டரி. கல்கத்தாவில் 1813இல் எழுந்த நகர மண்டபம் லாட்டரிப் பணம். 1817இல் லாட்டரிக் குழு என்றே ஒன்றை அமைத்து அந்நகரத்தின் பெருஞ்சாலைகளைப் போட்டார்கள். வங்கிக் கடனும் வருமான வரியும் வேரூன்றாத காலத்தில் பெரிய தொகையைத் திரட்ட ஆள்வோருக்கு எளிதாகக் கிடைத்த கருவி இது. அமெரிக்க முன்னாள் அதிபர் தாமஸ் ஜெபர்சன் 1826இல் இதை, விருப்பமுள்ளவர்கள்மீது மட்டும் விழும் வரி என்று புகழ்ந்தார். அப்போது அவரே கடனில் மூழ்கி, தன் நிலத்தை லாட்டரி மூலம் விற்க அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தடையும் திரும்புதலும்

லாட்டரி வரலாற்றில் ஒரு சுழற்சி உண்டு. அரசுக்குப் பணம் தேவைப்படும்போது தொடங்கும். குடும்பங்கள் கெடுவதும் மோசடியும் பெருகும்போது தடை வரும். பிறகு மறுபடி பணத்தேவை. பிரிட்டன் 1826இல் நிறுத்தி 1994இல் திரும்பக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஒழிந்ததை 1964இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் புதுப்பித்தது. ஸ்பெயின் ஒரு விதிவிலக்கு. நெப்போலியனோடு போர் நடந்த 1812இல் காடிஸ் நகரில் தொடங்கியது, உள்நாட்டுப் போரிலும் நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் அண்ணா முதல்வராக இருந்த 1968இல் அரசுப் பரிசுச் சீட்டு வந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற அதன் முழக்கம் இன்றும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. விளம்பர வாசகம் என்ற அளவில் இதைவிட நேர்மையான ஒன்றை நான் பார்த்ததில்லை: பணம் எங்கே போகும் என்பதை நான்கே சொற்களில் சொல்லிவிடுகிறது. 1975இல் கருணாநிதி ஆட்சி அதை நிறுத்தியது, எம்.ஜி.ஆர். காலத்தில் மறுபடி வந்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. இலங்கையில் தேசிய லொத்தர் சபை 1963இலிருந்து இயங்குகிறது. அங்கே தமிழில் அதிர்ஷ்டலாபச் சீட்டு என்பார்கள்.

கேரளம் தனியார் லாட்டரிகளைத் தடை செய்துவிட்டு 1967இல் அரசே நடத்தும் லாட்டரியைத் தொடங்கியது. இந்தியாவில் அதற்கென்று ஒரு துறை அமைத்த முதல் மாநிலம் அதுதான். ஒரு ரூபாய் டிக்கெட், 50,000 ரூபாய் முதல் பரிசு. 1968 குடியரசு நாளில் முதல் குலுக்கல். இப்போது ஓணம் பம்பர் டிக்கெட் 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. 2023இல் அந்தப் பரிசு திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் சிலர் சேர்ந்து வாங்கிய டிக்கெட்டுக்கு விழுந்தபோது கம்பத்திலும் ஒரு மாதம் வேறு பேச்சில்லை. 25 கோடியும் கைக்கு வராது என்பதை அந்தப் பேச்சில் யாரும் சேர்க்கவில்லை. முகவர் கமிஷன் 10 சதவீதம் போனால் 22.5 கோடி, அதில் 30 சதவீதம் வருமான வரி பிடித்தால் 15.75 கோடி, அதற்கு மேல் கூடுதல் வரியும் உண்டு. டிக்கெட் விலைக்குள் ஜிஎஸ்டி தனியாக இருக்கிறது. ஆக அரசு வாசலில் ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை, வெளியேறும்போது ஒரு தடவை என்று வசூலிக்கிறது.

தடை செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா? லண்டனில் 18ஆம் நூற்றாண்டில் முழு டிக்கெட் வாங்க வசதியில்லாத ஏழைகள், இன்று எந்த எண் வரும் என்று சில்லறைக் காசைத் திருட்டுத்தனமாகப் பந்தயம் கட்டினார்கள். அரசு லாட்டரியைவிட அந்த நிழல் வியாபாரம்தான் வீடுகளை அதிகம் சூறையாடியது. நம் ஊரின் மூன்று எண் லாட்டரி அதன் அச்சு அசல் வாரிசு. கேரள டிக்கெட்டில் பரிசு விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை ஊகிக்க வேண்டும். வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. நடத்துபவர் ஆயிரம் மடங்குக்குக் குறைவாகவே கொடுப்பார். இல்லையென்றால் அவருக்கு மிஞ்சாது. கணக்குப் புத்தகம் இல்லை, ரசீது இல்லை, தணிக்கை இல்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இந்தக் கடனால் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பமே போனது.

தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆசை அப்படியே இருக்கிறது என்பதைத்தான் இந்த வரலாறு காட்டுகிறது. அது ஏன் என்பது அடுத்த கேள்வி.

தோற்பது தெரிந்தும் ஏன்?

"ஜனங்களுக்குக் கணக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது போதுமான பதிலாகப் படவில்லை. தேநீர்க் கடையில் டிக்கெட் வைத்திருந்தவர் ஏலக்காய் எடையில் ஐந்து கிராம் குறைந்தாலும் கண்டுபிடிப்பவர்.

அவரிடமே கேட்டேன். "விழாது என்று தெரியும் தம்பி. ஆனால் குலுக்கல் வரைக்கும் விழாது என்று யாரும் சொல்ல முடியாதல்லவா?" என்றார். அவர் வாங்கியது அந்த இடைவெளியை. கடன் அடைந்து, வீட்டுக்குத் தளம் போட்டு, மகளைச் செவிலியர் படிப்பில் சேர்த்து, மனத்துக்குள் ஒரு வாழ்க்கையை ஓட்டிப் பார்ப்பதற்கான விலை அது. இந்தச் சுகத்துக்கு எதிர்பார்ப்பு மதிப்புக் கணக்கில் கட்டம் கிடையாது.

அதோடு, மாதச் சம்பளக்காரருக்குப் பெரிய தொகை கைக்கு வர வழிகள் உண்டு: வங்கிக் கடன், வைப்பு நிதி, பரம்பரைச் சொத்து. தினக்கூலிக்கு என்ன இருக்கிறது? உழைப்பால் 10 லட்சம் சேராது என்று பட்டறிவில் தெரிந்தவருக்கு, கோடியில் ஒரு வாய்ப்புகூட மற்ற வழிகளைவிடப் பெரிதாகத்தான் தெரியும். வருமானத்தில் எத்தனை பங்கு லாட்டரிக்குப் போகிறது என்று பார்த்தால் ஏழைகளே அதிகம் கொடுக்கிறார்கள். ஜெபர்சன் சொன்ன விருப்பமுள்ளவர்கள் யார் என்பது இங்கே தெளிவாகிறது.

வென்றவர் கண்ணுக்குத் தெரிகிறார், தோற்றவர்கள் தெரிவதில்லை என்பதும் ஒரு காரணம். மாலையும் கழுத்துமாக ஒருவரின் படம் பத்திரிகையில் வரும். தோற்ற லட்சக்கணக்கானவர்களுக்கு ஆளுக்கு ஒரு விநாடி தொலைக்காட்சியில் முகம் காட்ட இடம் கொடுத்தால், அடுத்த குலுக்கல் வரைக்கும் அதுவே ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட வலுவானது, மற்றவர்களுக்கு விழுந்து நமக்கு விழாமல் போய்விடுமோ என்ற பயம். ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லாட்டரி இதில் பழம் தின்று கொட்டை போட்டது. டிசம்பர் 22 காலையில் மாட்ரிடில் சான் இல்தெபொன்சோ பள்ளிக் குழந்தைகள் எண்களைப் பாட்டாகப் பாடுவார்கள். நாடே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். ஒரு முழு டிக்கெட் விலை அதிகம் என்பதால் பத்தில் ஒரு பங்காக, 20 யூரோவுக்கு விற்கிறார்கள். ஒரே எண்ணை அலுவலகம் முழுக்க, தெரு முழுக்கப் பங்கிட்டு வாங்குவார்கள். உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் வாங்கும்போது நீங்கள் மட்டும் மறுக்க முடியுமா? 2011இல் சொதேத்தோ என்ற சிற்றூரில் ஏறத்தாழ 70 வீடுகளுக்கும் முதல் பரிசின் பங்கு விழுந்தது. டிக்கெட் விற்றவர்கள் கதவைத் தட்டத் தவறிய ஒரே ஒரு வீட்டுக்காரருக்கு மட்டும் இல்லை. அந்த ஒருவரின் கதைதான் உலகம் முழுக்கப் பரவியது. நெதர்லாந்தில் இதையே முறையாக்கி, வீட்டின் அஞ்சல் குறியீட்டையே லாட்டரி எண்ணாக வைத்துவிட்டார்கள். உங்கள் தெருவுக்குப் பரிசு விழுந்தால், டிக்கெட் வாங்காத நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள் என்பது அண்டை வீட்டுக் காரைப் பார்த்தாலே தெரியும்.

டிக்கெட் வாங்காமல் விழுந்த பரிசு

கட்டுரையை எழுதி முடிக்கும் நேரத்தில் எதிர்வீட்டு அத்தை கைப்பேசியோடு வந்தார். 25 லட்சம் ரூபாய் பரிசு விழுந்திருப்பதாக ஒரு செய்தி. அதோடு வந்த படத்தில் முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. பரிசை அனுப்புவதற்கு முன்பாக 12,000 ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டுமாம்.

"எந்த லாட்டரி அத்தை? டிக்கெட் எப்போது வாங்கினீர்கள்?"

"நான் எங்கேப்பா வாங்கினேன்? என் எண்ணைக் கணினியே தேர்ந்தெடுத்ததாம்."

விலை, பரிசு, தற்செயல் என்ற மூன்றையும் அவருக்கு விளக்கினேன். இவர் விலை கொடுக்கவில்லை, யாரும் எதையும் குலுக்கவில்லை, பரிசு என்று ஒன்று எங்கும் இல்லை. குடமே இல்லாத வசூல். அத்தை சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "அப்படியென்றால் குமுளியில் வாங்குகிறார்களே, அதில் குடமாவது இருக்கிறது, இல்லையா?" என்றார்.

இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்வது?